கிளட்ச் இல்லாத இம்பாலா

அந்த இம்பாலா கார் தன் கைக்கு வந்திருக்க வேண்டியது என்று ஒனோஃப்ரே வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே எஸ்பனோலா ஊர் முழுக்கத் தெரியும். அறுபத்து நான்காம் வருஷத்து வண்டி. அவனுடைய அண்ணன் லியாந்த்ரோ அதை வெறும் துருப்பிடித்த ஓடாக வாங்கினான். தகரம் தட்டி, பச்சை வண்ணம் அடித்து, நான்கு கியர் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தன் கையாலேயே பொருத்தினான். இரண்டு கோடைக்காலம்தான் ஓட்டினான். ஜல்லிக் குவாரியில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான்.

அப்போது ஒனோஃப்ரே ஆல்புகெர்க்கியில் ஒரு கியர் பெட்டிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கம் முடிந்து, அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தால், வண்டி அண்ணியின் உடன்பிறந்தவன் செலிதோனியோ வீட்டு வாசலில் நிற்கிறது.

“அவனே வச்சுக்கட்டும்,” என்றாள் அண்ணி எலோய்சா. “உன்கிட்ட குடுத்தா நீ கழட்டிப் பாப்பே.”

அந்த ஒரு பேச்சு மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போதாததற்கு, அவன் பட்டறை போட இடம் கிடைத்ததும் செலிதோனியோ வீட்டுக்கு எதிரிலேயே. தினம் காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பச்சை.

செலிதோனியோவைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். கெட்டவன் இல்லை, வாய்தான் கெட்டது. மலை மேலே இருக்கிற பெரிய ஆய்வுக்கூடத்தில் தரை துடைத்து மெழுகு போடுகிற வேலை. விடிவதற்குள் பஸ் ஏறுவான், சாயங்காலம் இறங்குவான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “தரையைத் தொடைக்கிறவனுக்கு எவ பொண்ணு தருவா?” என்பான். பொண்ணு தர வந்த இரண்டு வீட்டை அவனே விரட்டியடித்தது எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை வியாதி வந்த பிறகும் பையில் மிட்டாய் இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது.

அவன் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் வண்டி. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவான். ஆற்றோரத்துப் பெரிய ரோட்டில், நடக்கிறவனுக்குச் சமமான வேகத்தில், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் வேகமாக ஓட்டுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் மேல் எண்ணெய் வழுக்குகிற மாதிரி போக வேண்டும். முன் கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலை ஆடக்கூடாது. ஆடினால் ரோட்டோரம் நிற்கிறவன் சிரிப்பான். கிளட்ச் வண்டியை வைத்துக்கொண்டு ஜெபமாலை ஆடாமல் கியர் மாற்றியவன் செலிதோனியோ ஒருத்தன்தான். அதை ஒனோஃப்ரேயும் மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தான். மனசுக்குள் மட்டும்.

முதலில் இடது கால் பெருவிரல் போனது. அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே மொத்தமும். அதன் பிறகு ஞாயிறு மாலைகளில் அவன் வாசலிலேயே வண்டிக்குள் உட்கார்ந்து இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். எதிர்ப் பட்டறையில் ஒனோஃப்ரே ரேடியோவைச் சத்தமாக வைப்பான்.

தவக்காலம் தொடங்கி கொஞ்ச நாளில், கட்டையை ஊன்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான் செலிதோனியோ.

“ஒனோ, வேலை இருக்கா?”

“இருக்கறதாலதான் அழுக்கா நிக்கறேன். என்ன மச்சான், வழி தப்பி வந்துட்டியா?”

“வண்டிக்கு ஆட்டோமேட்டிக் போடணும்.”

ஒனோஃப்ரே ஸ்பேனரைக் கீழே வைத்தான். “யார் வண்டிக்கு?”

“போப்பாண்டவர் வண்டிக்கு. என் வண்டிக்குத்தான்டா.”

“ஆட்டோமேட்டிக் ஓட்டுறவன் காரோட்டல, சோபாவுல உக்காந்து ஊர்வலம் போறான்னு கோயில் வாசல்ல வச்சுச் சொன்னியே, அந்த வாய் எங்க?”

“வாய் இருக்கு. கால்தான் இல்ல. உன் காலக் கொஞ்ச நாளைக்குக் கழட்டித் தர்றியா? தந்தா கிளட்சே மிதிச்சுக்கறேன்.”

ஒனோஃப்ரே கையைத் துடைத்தான். செலிதோனியோ வலது கால் பூட்ஸைக் கட்டையின் நுனியால் தட்டினான்.

“இதுவும் கறுத்துப்போச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் எடுத்துடறாங்களாம். பெரிய வெள்ளி வரைக்கும் பிரேக் மிதிக்க ஒரு காலு இருக்கு. சிமாயோ கோயில் வாசல் வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போயிடணும். ஒரே ஒரு தடவ. அப்புறம் எவன் வேணா என்ன வேணா பண்ணிக்கட்டும்.”

அவன் போன பிறகு அண்ணிக்குப் போன் போட்டான் ஒனோஃப்ரே. வண்டியை அறுக்க வேண்டியிருக்கும் என்றான்.

“லியாந்த்ரோ போட்டதையா?” என்றாள்.

“அவன் போட்டது எதுவும் உள்ள இருக்காது.”

“செலிதோனியோவே கேட்டானா?”

“கேட்டான்.”

“அப்ப என்னை ஏன் கேக்கறே?” என்று வைத்துவிட்டாள்.

அந்த வருஷத்து இம்பாலாவுக்கு அடியில் தாங்குகிற சேசிஸ் சட்டம் மற்ற வண்டி மாதிரி ஏணியாக இருக்காது. நடுவில் இறுக்கிக் கட்டின பெருக்கல் குறி மாதிரி இருக்கும். கியர் பெட்டி அந்த இடுக்கில்தான் உட்கார வேண்டும். பழைய பெட்டி ஒல்லி. புதுக்கால ஆட்டோமேட்டிக் பெட்டியோ பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி. அதை உள்ளே தள்ள வேண்டுமானால் காருக்குள் தரைத் தகரத்தை அறுத்து நடுவில் ஓடுகிற மேட்டை உயர்த்த வேண்டும், சேசிஸ் இரும்பைச் சீவி, சீவின இடத்துக்கு வெளியிலிருந்து பட்டை வைத்துப் பலம் கொடுக்க வேண்டும், பின் சக்கரத்துக்குப் போகிற சுழல் தண்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டும். ஒருமுறை சீவினால் சீவினதுதான். மறுபடி பழைய வண்டி ஆகாது.

ஒனோஃப்ரே நொறுங்கின வேன் ஒன்றிலிருந்து நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்து வந்தான். பிரித்து, கழுவி, உள்ளே தகடெல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டினான். அதுவரை கை தயங்கவில்லை. இம்பாலாவை ஜாக்கியில் ஏற்றி, படுத்துக்கொண்டு அடியில் போனதும்தான் நின்றுவிட்டது. கியர் பெட்டியைத் தாங்குகிற குறுக்கு இரும்பில் லியாந்த்ரோவின் வெல்டிங் கண்ணெதிரே இருந்தது. தடித்தடியாக, கோணல்மாணலாக. அண்ணனுக்கு வெல்டிங் சரியாக வராது. புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அறுக்கிற மிஷினை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செலிதோனியோ, “என்ன, தூங்கிட்டியா?” என்றான்.

“ஜெபம் பண்றேன்.”

“எனக்கும் சேத்துப் பண்ணு.”

அறுத்தான். பொறி கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியில் தெறித்தது.

பெரிய வாரம் தொடங்குவதற்குள் வண்டி தரையில் நின்றது. சோதித்துப் பார்க்க ஆற்றோர ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். செலிதோனியோ வலது காலை மெதுவாக அழுத்தினான். வண்டி நகர்ந்தது. மாதக்கணக்காக நகராத வண்டி. அவன் முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. இரண்டாவது கியர் விழுந்தபோது வண்டி ஒரு சின்ன உதை உதைத்தது. ஜெபமாலை ஆடியது.

“என்னடா இது, கழுத மாதிரி ஒதைக்குது?”

“அது அப்படித்தான் இருக்கும். ஆக்சிலேட்டர்லேருந்து பெட்டிக்கு ஒரு கம்பி போகுது பாரு, உன் காலு எவ்வளவு அழுத்துதுன்னு அதுதான் பெட்டிக்குச் சொல்லும். அதுக்குத் தக்க ஆயில் அழுத்தம் ஏறி உள்ள தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். கம்பி விறைப்பா இருந்தாத்தான் பிடிப்பு. அதான் ஒதை.”

“கொஞ்சம் தளத்தி விடு.”

“தளத்தினா வெண்ணெயா விழும். தகடு பிடிக்காம வழுக்கி வழுக்கி எரிஞ்சிரும். அந்தக் கம்பியில கைய வச்சே, உன் மிச்சக் காலையும் நானே ஒடிச்சுருவேன்.”

“ரோட்டுல எல்லாரும் பாப்பாங்கடா.”

“பாக்கட்டும்.”

எதற்கும் வாயாடுகிற செலிதோனியோ அதோடு விட்டதே சரியில்லை என்று ஒனோஃப்ரேக்கு அப்போது தோன்றவில்லை.

பெரிய வெள்ளியன்று காலையில் எலோய்சா இருவருக்கும் மிளகாய்க் குழம்பில் போட்ட முட்டை அடையும், முளைகட்டின கோதுமைக் களியும் கொடுத்தனுப்பினாள். செலிதோனியோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப் பக்கம் சட்டை தொளதொளவென்று இருந்தது, ஆள் அவ்வளவு இளைத்துப் போயிருந்தான். நாம்பே ஊர் பக்கமாக மேட்டு ரோட்டில் போவோம் என்றான். சுற்றுவழிதான். ஆனால் கடைசி மேட்டைத் தாண்டினால் ரோடு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போகும்.

ரோட்டின் இரண்டு ஓரமும் சிமாயோ கோயிலுக்கு யாத்திரை போகிற ஜனம். சிலுவை சுமந்தவர்கள், வெறுங்காலோடு நடப்பவர்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளுகிறவர்கள். நடுவில் பளபளவென்று வண்டிகள் ஊர்ந்தன. கியர் மாறுவதே தெரியாமல் இம்பாலா மிதந்தது. ஜெபமாலை அசையவில்லை. ஒனோஃப்ரே அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கம்பியத் தொட்டியா?”

“ரோட்டப் பாரு, என்ன அழகா போகுது.”

“தொட்டியான்னு கேட்டேன்.”

கடைசி மேட்டின் பாதியில் வாடை வந்தது. கருகின கயிற்று வாடை. இன்ஜின் உறுமியது, சக்கரம் போகவில்லை. இன்னும் அழுத்தினான். இன்னும் உறுமியது. பின்னால் வந்த வண்டிகள் நின்றன. ஒனோஃப்ரே இறங்கி பானெட்டைத் தூக்கினான். கம்பி தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கிற கிளிப்பில் மிட்டாய் சுற்றின காகிதத்தை மடித்துச் செருகி வைத்திருந்தான் பாவி.

ஊதா நிற வண்டியில் பின்னால் வந்த தெலெஸ்ஃபோரோ தலையை வெளியே நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் செலிதோனியோவுக்குப் போட்டியாக ஓட்டுகிறவன்.

“என்ன ஒனோஃப்ரே, உன் பெட்டி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போயிடுச்சா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். “ஆல்புகெர்க்கிப் படிப்பு!” என்றான் இன்னொருவன்.

ஒனோஃப்ரே பானெட்டின் அடியிலிருந்து செலிதோனியோவைப் பார்த்தான். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். நான்தான் தொட்டேன் என்று. வரவில்லை. ஒனோஃப்ரே அந்தக் காகிதத்தை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பானெட்டைச் சாத்தினான்.

“பெட்டி போச்சு,” என்றான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “போடறப்பவே எங்கேயோ விட்டிருக்கேன்.”

தெலெஸ்ஃபோரோ ஒதுங்கித் தாண்டிப் போனான். மற்றவர்களும் போனார்கள். ஒனோஃப்ரே ஜன்னலண்டை வந்தான். செலிதோனியோ ஜெபமாலையைக் காட்டினான்.

“ஒதைக்குதுடா. அத்தன பேர் முன்னாடி அது ஆடுமேன்னு...”

“விடு.”

“இனிமே ஓடாது, இல்ல?”

“ஓடாது.”

காரை ஏற்றிக்கொண்டு போக லாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று ஒனோஃப்ரே கேட்டான். செலிதோனியோ வேண்டாமென்று தலையை ஆட்டினான். நடக்க முடியாதவனை அலங்கரித்துத் தூக்கிப் போகிற மாதிரி லாரி மேல் போக மாட்டானாம். கோயில் வாசலுக்கு லாரி மேல் வந்தான் என்று பேச்சு வேண்டாமாம். மேடு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரமே வலது காலை எடுத்தார்கள். ஒனோஃப்ரே ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். செலிதோனியோ சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பான், தலையணையைச் சரி பண்ணட்டுமா என்றால் வேண்டாம் என்பான். ஆகஸ்டில், மழை பிடித்துக்கொண்ட சமயம், போய்ச் சேர்ந்துவிட்டான். எஸ்பனோலாவில் இன்றைக்கும் ஒனோஃப்ரே போட்ட பெட்டி மேட்டில் எரிந்த கதையைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பழைய வண்டிக்கு ஆட்டோமேட்டிக் போட அவனிடம் யாரும் வரவில்லை. ஒனோஃப்ரேயும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, எலோய்சாவுக்குக்கூட.

அன்றைக்கு மேட்டில், வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு, சிலுவை சுமந்து வந்த இரண்டு பேரையும், நடந்து வந்த ஒரு குடும்பத்தையும் துணைக்குக் கூப்பிட்டான் ஒனோஃப்ரே. சிலுவையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவன் ஓட்டுநர் பக்கம் ஜன்னல் கம்பத்தில் தோளைக் கொடுத்து, ஒரு கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொண்டு தள்ளினான். இம்பாலா கனத்தது. அங்குலம் அங்குலமாக ஏறியது. உச்சியில் முன் சக்கரம் மறுபக்கம் சாய்ந்ததும் கனம் சட்டென்று குறைந்தது. கீழே பள்ளத்தில் கோயிலின் இரண்டு கோபுரமும், அதைச் சுற்றி எறும்பாக ஜனமும் தெரிந்தன. வண்டி தானாக நகர ஆரம்பித்தது. ஒனோஃப்ரே கூடவே ஓடினான், ஸ்டியரிங்கை விடாமல்.

செலிதோனியோ வலது காலைப் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டான். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஒனோ,” என்றான். “கைய எடு.”