பனிமலையில் கட்டிய தாலி

என் தொழில் என்னவென்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்குவது கஷ்டம். கம்ப்யூட்டரில் அழிந்துபோனதைத் தேடி எடுத்து, அது நிஜமாகவே அங்கே இருந்ததுதான் என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். இதைச் சொன்னதும் பாதிப் பேர் என்னைப் போலீஸ் என்று நினைத்து நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப் பேர் போனை நீட்டி, "சார்ஜ் ஏற மாட்டேங்குது, பாருங்களேன்" என்பார்கள். என் மனைவி இரண்டு கட்சியிலும் இல்லை. "ஊரான் தொலைச்சதெல்லாம் கெடைக்குது. ரேஷன் கார்ட எங்க வச்சீங்கன்னு மட்டும் ஒங்களுக்குத் தெரியாது" என்பாள். தெரியாதுதான்.

அந்த வழக்கு புதுக்கோட்டையில் என் அறைக்கு வந்தது நல்ல வெயில் காலத்தில். ஒரு வக்கீலம்மா, கூடவே அரிமளத்துப் பெண் ஒருத்தி. தையல் வேலை செய்கிறவள். மடியில் கனமான கல்யாண ஆல்பம். கணவர் அவளை விட்டுப் போய்விட்டார். ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டால், "கல்யாணமே நடக்கவில்லை, நடந்தது நிச்சயதார்த்தம்தான்" என்று பதில் தாக்கல் செய்திருக்கிறார். அவருடைய அக்காவும் கூண்டில் ஏறி அதையே சொல்லிவிட்டார். கோயிலில் வைத்து நடந்த கல்யாணம். பதிவு செய்யவில்லை.

ஆல்பத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார், சுவிட்சர்லாந்தில். பின்னால் பனிமலை, தலைக்கு மேல் வெள்ளைப் புறாக்கள், காலடியில் ரோஜாத் தோட்டம். அந்தக் குளிரில் மனிதர் பட்டு வேட்டியோடு காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் தூக்கிக் காட்டுறார்" என்றார் வக்கீலம்மா. "'இந்த ரெண்டு பேரும் திருச்சியத் தாண்டுனதில்ல. பனி பொய்னா தாலியும் பொய்தானே, எல்லாம் கிராபிக்ஸ்'ங்கிறார். கோர்ட்டே சிரிச்சிருச்சு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை இருமலாக மாற்றினேன். சரியாக மாறவில்லை.

"சிரிங்கண்ணே, எல்லாரும் சிரிச்சாச்சு" என்றாள் அவள். "ஜீவனாம்சம் வராட்டி தையல் மெஷின் இருக்கு. ஆனா நானே ஒரு கயித்த வாங்கிக் கட்டிக்கிட்டுத் திரியுறேன்னு ஊர்ல பேசுறாங்க. அந்தப் பேச்சு போகணும்."

படம் எடுத்தது பொன்னமராவதியில் ஒரு ஸ்டுடியோக்காரர். அசல் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அவர் வழக்கு வருவதற்கு வெகு முன்பே ஃபார்மேட் செய்திருந்தார். "ஆல்பத்த வாங்கிட்டுப் போயிட்டா அழிச்சிருவோம் சார். எத்தன கல்யாணத்ததான் நாங்க சொமக்குறது" என்றார். கோர்ட் அனுமதித்து, அரக்கு முத்திரை வைத்த உறையில் அந்த டிஸ்க் என்னிடம் வந்தது.

ஃபார்மேட் என்பது தெருவில் இருக்கும் வீட்டு எண்களை அழிப்பது போல. ஆட்கள் உள்ளேயேதான் இருப்பார்கள், வேறு யாராவது குடிவந்து அவர்களைத் தள்ளும்வரை. முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். அசலில் ஒரு எழுத்தும் பதியாதபடி தடுக்கும் கருவி வழியாகத்தான் எடுக்க வேண்டும். பிறகு இரண்டுக்கும் கணக்கிட்டு வரும் நீளமான எண்ணை ஒத்துப் பார்த்தேன். அது கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மொத்தமாக மாறிவிடும்.

நகலில் தேடல் ஓடத் தொடங்கியது. அதற்கு என் உதவி எதுவும் தேவையில்லை. மரியாதைக்காக நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் வெந்நீரைக் கலக்குவது போல மத்தியான வெக்கையைக் கலக்கிக்கொண்டிருந்தது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன, குளத்தில் அடியிலிருந்து இலை மிதந்து வருவது மாதிரி. ஒரு குழந்தையின் அழுகிற வாய், கண்ணுக்கு மேலே ஒன்றுமில்லை. மாவிலை. வெறும் வானம். சிரிக்கிற பெண்கள் வரிசை, கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம். சில படங்கள் ஒன்றுக்குள் ஒன்று குடியேறியிருந்தன. மேலே அறுபதாம் கல்யாணத்துப் பெரியவர், கீழே காதுகுத்துப் பிள்ளையின் கொலுசுக் கால். பெரியவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. எனக்குக் கண் சொருகியது. விழித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தது எது, சொருகியபோது பார்த்தது எது என்று பிரிக்க முடியவில்லை. யார் யார் வீட்டு விசேஷத்துக்கோ போய்க்கொண்டே இருந்தேன். எங்கேயும் பந்தியில் மட்டும் உட்கார வைக்கவில்லை.

அப்படி ஒரு மயக்கத்தில்தான் ஆல்பத்தில் பார்த்த மாம்பழ நிறப் பட்டுப் புடவை மிதந்து வந்தது. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள்தான். பனி இல்லை, புறா இல்லை, பின்னால் கோயில் தூண். ஆனால் ஒரு சந்தேகம். தாலி கட்டுகிற மனிதர் ஏன் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார்? ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டேன்.

"அது ரெண்டாவது தடவ எடுத்தது சார்" என்றார் சாதாரணமாக. "கட்டுற நேரத்துல அட்சதை போடுறேன்னு எல்லாரும் குறுக்க வந்துருவாங்க. அதனால அப்பறமா கட்டுற மாதிரி புடிக்கச் சொல்லி ஒண்ணு எடுத்துக்குவோம். ஆல்பத்துக்கு அதுதான் வரும்."

பனி பொய், சரி. படமும் நடிப்பு என்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம்? நிஜமாகக் கட்டிய நிமிஷம் வேண்டும். அதற்கு முந்தைய படங்களைத் தேடினேன். ஒன்றில் திரை முழுக்க யாரோ ஒரு மாமாவின் முதுகு. அடுத்ததில் மேல்பாதி அட்சதை, கீழ்ப்பாதி சாம்பல். அதற்கடுத்தது முழுசாக இருந்தது. மாப்பிள்ளை வியர்த்து வழிய, காமிரா இருப்பதையே மறந்து குனிந்திருக்கிறார். பெண்ணின் பின்னால் நின்று கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவர், ஆல்பத்தின் குடும்பப் படத்தில் பார்த்த அவருடைய அக்கா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டும் நாத்தனார் பொறுப்பு.

"இதை ஏங்க ஆல்பத்துல வைக்கல?" என்று ஸ்டுடியோக்காரரிடம் மறுபடி போனில் கேட்டேன்.

"நாத்தனார் நிக்குறாங்களே சார். பனிமலையில அவங்கள எங்க நிறுத்துறது?"

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் கேட்டார், "இந்தப் படத்தையும் கம்ப்யூட்டர்ல செய்ய முடியும்தானே?"

"முடியும் சார்" என்றேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா அந்த ஸ்டுடியோக்காரர் கிராபிக்ஸ் செஞ்சா எப்படி இருக்கும்னு ஆல்பத்துல பாத்தீங்களே."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார். சொன்னேன். முன்னும் பின்னும் வரிசை எண் விடாமல் படங்கள் இருப்பதையும், வழக்குக்கு முன்பே டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிட்டதையும், கைரேகை எண்ணையும் விளக்கினேன். தட்டச்சர் ஒரு கொட்டாவி விட்டார்.

பிறகு அக்காவை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்கள். திரையில் இருந்த படத்தை அவர் வெகு நேரம் பார்த்தார்.

"அது யாரு கைங்கம்மா?" என்றார் வக்கீலம்மா.

"எங்கைதான்."

"என்ன செய்யுது?"

தம்பி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. "முடிச்சுப் போடுது" என்றார். பிறகு யாரும் கேட்காமலேயே, "ரெண்டும் நல்லா இறுக்கித்தான் போட்டேன்" என்றார்.

ஜீவனாம்ச உத்தரவு பின்னால் வந்தது. அன்றைக்கு நான் வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். தம்பியின் வண்டி போய்விட்டிருந்தது. அந்தப் பெண் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். அக்கா பெஞ்சில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் சற்று நேரம் நின்றபடியே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.