மணலுக்குள் ஐந்து குப்பி

ஐம்பத்திரண்டு முறை என் மனைவி என் தங்கையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சைகோனிலிருந்து ஓய்வுபெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு போட்டவை மட்டும் இவை. அங்கே போட்டவற்றை நான் எண்ணி வைக்கவில்லை. நான் எண்ணாமல் விட்டவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

எனக்கு இருபத்தைந்து வயதில் சைகோன் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. கப்பல் புறப்படப் பத்தொன்பது நாள் இருந்தது. அதற்குள் கல்யாணத்தை முடித்தார்கள். பெண்ணின் கிராமம் விழுப்புரம் சாலையில் பதினெட்டு மைல் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம், அப்போது ஆங்கிலேயர் ஆண்ட பூமி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மேரியில், அதாவது நகராட்சிக் கட்டடத்தில், பதிந்தால்தான் பிரெஞ்சு சர்க்காருக்கு அது கல்யாணம். பதியப் போனேன். பெண்ணின் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். அவள் ஊரில் யார் பிறந்ததற்கும் தாள் கிடையாது. சாட்சிகளைக் கூட்டிவந்து கோர்ட்டில் தீர்ப்பு வாங்குங்கள், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். என் கையில் மீதி இருந்தது பதினோரு நாள்.

அப்பாவின் பெட்டியில் ஒரு பிறப்புப் பத்திரம் இருந்தது. எனக்கு இரண்டு வயது இளையவளான தங்கையுடையது. அவள் ஐந்து வயதில் காலராவில் போய்விட்டாள். அந்த வாரம் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது சாவு. தூக்க ஆள் கிடைக்காதபோது மேரிக்குப் போய்ப் பதிய யாருக்குத் தோன்றும்? ஆக, ஏட்டில் என் தங்கை உயிரோடு இருந்தாள். உடன் வருபவர், மணமாகாத தங்கை என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கப்பல் சீட்டு கிடைத்தது. ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கப்பலில் போகும்போதே அவளுக்குத் தங்கையின் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் போடக் கற்றுக்கொடுத்தேன். அதுவரை அவள் பென்சில் பிடித்ததில்லை. அதற்குப் பிறகும் அந்த ஒரு பெயரைத் தவிர வேறு எதையும் எழுதக் கற்கவில்லை.

நாற்பத்தொரு வருடம் ஆயிற்று. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கடினமாயிற்று. பிள்ளை பிறந்திருந்தால் பதியும்போதே அகப்பட்டிருப்போம். பிறக்கவில்லை. "அதுக்குப் பயந்துதான் பொறக்கலியோ என்னமோ" என்று அவள் ஒரே ஒரு முறை சொன்னாள்.

ஐம்பத்து நான்கில் கொடி மாறியபோது எங்களுக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றுதான். எல்லைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். அவள் கிராமத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போய்வர முடிந்தது. மற்றபடி பென்ஷன் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இருவரும் பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். என் இன்ஷூரன்ஸ் அட்டையில் தங்கையின் பெயரும் இருந்ததால் அவளுக்கு வைத்தியமும் மருந்தும் கிடைத்தன. ஏழு வருடமாக அவளுக்குச் சர்க்கரை நோய். தினம் காலையில் இன்சுலின் ஊசி. ஊசிக்குழலில் பதினான்கு கோடு மருந்து. ஒரு குப்பி பதினான்கு நாள் வரும். குப்பிகளை ஈர மணல் நிரப்பிய சட்டியில் கழுத்தளவு புதைத்து வைத்திருப்போம். எழுந்ததும் என் முதல் வேலை அவற்றை எண்ணுவது. ஆனால் என் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் ஊசிக்குழலின் கோடுகளை அவள்தான் எண்ணிக்கொள்வாள்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பென்ஷனை நினைத்து இருவர் பெயரிலும் எழுதிக் கொடுத்தேன். அதனால் பிறந்த ஊரில் நான் வெளிநாட்டான் ஆனேன். வெளிநாட்டார் பதிவுக்குப் போனபோது ஓர் அதிகாரி படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

"இந்தியாவுக்குள்ள என்னிக்கு நுழைஞ்சீங்க? அந்த எடம் காலியா இருக்கே."

"நான் இங்கயே பொறந்தவன் சார்."

"அது வேற கட்டம். இது நுழைஞ்ச தேதி. சும்மா விட முடியாது."

சைகோனிலிருந்து வந்து இறங்கிய தேதியைச் சொன்னேன். பக்கத்தில் நின்றவள் பதினெட்டு மைல் தள்ளிப் பிறந்தவள். அவளுக்கும் அதே தேதியை எழுதினார்கள்.

அந்த மழைக்காலத்தில் மறுபடி முகம் காட்டப் போனோம். ஜன்னலில் இருந்த குமாஸ்தா ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். பல வருடமாக எங்களை அறிந்தவர், நல்ல பிள்ளை. கையெழுத்தெல்லாம் ஆகி, இந்த முறைக்கு வந்த ஐந்து இன்சுலின் குப்பிகளைக் கொடுத்த பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"மொசியே, புது சர்க்குலர் வந்துருக்கு. வெளிநாட்டுல தங்கியிருக்கற பென்ஷன்காரங்களுக்கு."

"நான் எங்க வெளிநாட்டுல இருக்கேன்? முத்தியால்பேட்டையில இருக்கேன்."

"அவங்களுக்கு முத்தியால்பேட்டை இப்ப வெளிநாடுதானே. இனிமே அட்டையில சம்சாரத்துக்கும் சின்னப் புள்ளைங்களுக்கும்தான் எடம். அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா?"

"இந்த அஞ்சு குப்பியோட சரி." அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "சம்சாரமா இருந்தா ஒரு கவலையும் இல்ல. நீங்கதான் கல்யாணமே வேணாம்னு இருந்துட்டீங்க. தங்கச்சிக்காகவே ஒரு மனுஷன் வாழ்ந்துட்டாருன்னு எங்க ஊட்டுல அடிக்கடி பேசிக்குவோம்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தெருவுக்கு வந்த பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

ஐந்து குப்பி, எழுபது நாள். ஊரில் பெரிய மருந்துக் கடை மூன்று. ஒன்றில் இன்சுலின் இல்லை. இன்னொன்றில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதில் இருந்த ஒரே குப்பி காலாவதி ஆகியிருந்தது. வடக்கே எல்லையில் சண்டை நடக்கிறது, சென்னையிலிருந்தே சரக்கு ஒழுங்காக வருவதில்லை என்றார் கடைக்காரர். மூன்று கடைக்கும் வாரம் இரண்டு முறை நடந்தேன்.

எங்கள் பொய் தெரிந்த ஒரே மனிதர் பக்கத்து வீட்டுச் சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்த சிப்பாய். விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினார்.

"தங்கச்சிய சாவடிச்சிடுங்கண்ணே."

"என்னய்யா சொல்ற?"

"ஏட்டுலதான் சொல்றேன். தங்கச்சி பூட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. பத்து நாள் தாடி வளத்துக்குங்க. அப்பறம் கடைசி காலத்துல தொணைக்கு ஒருத்தியக் கட்டிக்கிட்டேன்னு இவங்களையே கூட்டிட்டுப் போங்க."

"அந்தக் குமாஸ்தா இவ மூஞ்சிய ஐம்பத்திரண்டு தடவை பாத்திருக்கான்."

"முக்காடு போட்டுக்கச் சொல்லுங்க. புதுப் பொண்ணு, வெக்கம் இருக்காதா?"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "கட்டிக்கறதப் பத்தி ஒண்ணும் இல்ல. மாப்ளைய மட்டும் மாத்திக் குடுங்க."

சொல்தா வெகுநேரம் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. உண்மையைச் சொன்னால் பொய்ப் பத்திரம் கொடுத்தவன் என்று பென்ஷனை நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் எழுபத்தோராம் நாள் காலையில் ஊசிக்குழல் காலி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி இரண்டு வாரத்தைக் கழித்தேன். அந்த இரண்டு வாரத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நாட்களில் அவள் அதிகமாகத் தண்ணீர் குடித்தாள். அதையும் எண்ணினேன். ஏழு டம்ளர் ஒன்பதாயிற்று, பிறகு பதின்மூன்று. மழை விட்ட புழுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உட்கார்ந்தால் எழ அவளுக்குச் சுவர் தேவைப்பட்டது.

பதினைந்தாம் நாள் காலை மணல் சட்டியில் கையை விட்டேன். முதல் குப்பி முந்தின நாளோடு தீர்ந்திருக்க வேண்டும். நான்குதான் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். எண்ணிக்கை கூடி வந்ததில் ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். திறந்த குப்பியைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே மருந்து தளும்பியது.

"நேத்தோட இது முடிஞ்சிருக்கணுமே" என்றேன்.

"முடியல."

"ஏன்?"

"கொஞ்சம் கொறச்சுப் போட்டுக்கறேன். பதினாலுக்குப் பத்துக் கோடு."

"எப்பலேர்ந்து?"

"அந்தத் தம்பி சொன்ன மறுநாள்லேர்ந்து. நீங்க மட்டும்தான் எண்ணுவீங்களா? பத்துக் கோடுன்னா நூறு நாள் வரும்."

"நூறு நாள் கழிச்சு?"

"அதுக்குள்ள நீங்க ஏதாச்சும் பண்ணிட மாட்டீங்களா?"

இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அது என்று எனக்குப் பட்டது. அன்று பதினான்கு கோடு போட வைத்தேன். மறுநாள் ரிக்‌ஷா வைத்து இருவரும் பென்ஷன் அலுவலகத்துக்குப் போனோம்.

ஜன்னலில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மொசியே, நான் எதையும் கேக்கல. நீங்க எதையும் சொல்லல. ஊட்டுக்குப் போங்க."

"எழுதுங்க தம்பி."

"எழுதினா நிக்கப்போறது உங்க பென்ஷன். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எழுது தம்பி. பொணமா ஆனப்பறமும் இவருக்குத் தங்கச்சியாவே போக என்னால முடியாது."

அவர் எழுதினார். நான்கு பக்கம். அவள் கையெழுத்துக்காகத் தாளைத் திருப்பி வைத்தார். அவள் பேனாவை வாங்கினாள். குனிந்து நிதானமாக, கப்பலில் கற்ற அதே எழுத்துகளில், என் தங்கையின் பெயரைப் போட்டாள். போட்டு முடித்த பிறகே மூவருக்கும் உறைத்தது. தான் தங்கை இல்லை என்று சொல்லும் தாளின் அடியில் தங்கையின் கையெழுத்து.

"எனக்கு வேற போடத் தெரியாதே" என்றாள்.

குமாஸ்தா கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். மைத் தட்டை நகர்த்தினார். அவள் கட்டைவிரலை வைத்தாள். அவளுடைய சொந்தப் பெயரை அவர் கேட்டபோது, சொல்லுமுன் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடிதம் பிரான்சுக்கு விமானத்தில் போயிற்று. மருந்து அறுபது நாளுக்கு இருந்தது. பதினான்கு கோட்டுக்கு ஒன்றும் குறையாமல் போட வைத்தேன். பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி நானே கோடுகளை எண்ணினேன். அவள் குடிக்கும் தண்ணீர் எட்டு டம்ளருக்கு இறங்கியது. ஒரு நாள் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். முப்பத்தேழாம் நாள் பதில் வந்தது. தங்கையின் பெயர் அட்டையிலிருந்து நீக்கப்பட்டது. மனைவியின் பெயரைச் சேர்க்கக் கல்யாணப் பத்திரம் வேண்டும். விசாரணை முடியும்வரை பென்ஷன் நிறுத்தி வைக்கப்படுகிறது.

கோர்ட்டுக்குப் போனேன். அவள் கிராமத்திலிருந்து கல்யாணம் பார்த்த சாட்சிகளைக் கூட்டிவரச் சொன்னார்கள். அன்று பந்தியில் முந்நூற்று நாற்பது இலை போட்டதாக மாமனார் பெருமையாகச் சொல்வார். நானும் சொல்தாவும் வீடு வீடாகக் கேட்டதில் உயிரோடு இருப்பவர் நான்கு பேர். நால்வரும் வர ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்புக்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.

"மூணு மாசம்" என்றார் கோர்ட்டில் இருந்தவர்.

இதை எழுதும் இன்று எங்களிடம் பதினெட்டு நாள் மருந்து இருக்கிறது. பத்துக் கோடாகப் போட்டால் இருபத்தைந்து நாள். மூன்று மாதம் வர வேண்டுமானால் ஒரு நாளைக்கு மூன்று கோடுகூட இல்லை. எப்படிப் போட்டாலும் வரவில்லை. மருந்துக் கடைகள் மூன்றுக்கும் இப்போது தினமும் போகிறேன்.

காலையில் அவள் ஊசிக்குழலை என்னிடம் நீட்டினாள். பூதக்கண்ணாடியை வைத்து உரக்க எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்று என்று வாய் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்ங்க."

நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன்.