மருந்து டப்பாவில் ஒரு பச்சைத் துண்டு

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன மருந்து டப்பா இருக்கும். உள்ளே மாத்திரை கிடையாது. கட்டைவிரல் நகமளவு பச்சைப் பெயிண்ட் துண்டு ஒன்று, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒருபுறம் வழவழப்பு, மறுபுறம் துருவின் பழுப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வழவழப்பின் மேல் பிரஷ் இழுத்த கோடுகள் தெரியும். அதைத் தூக்கிப் போடவும் மனமில்லை, உரியவரிடம் கொடுக்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

உரியவர் எங்கள் பழைய கார் சங்கத்தின் செயலாளர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராயபுரத்தில் ஒரு காலி குடோன்தான் சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து வண்டிகள் கூடும், பாதிக்கு மேல் தள்ளித்தான் கிளம்பும். அப்பா விட்டுப்போன காரால் நானும் உறுப்பினரானேன். கன்டெய்னர் யார்டு ஆபீசில் கணினி முன்னால் உட்காருகிறவள் என்பதால் என்னைத் துணைச் செயலாளராக்கி, சங்கத்தின் முகநூல் பக்கத்தையும் என் தலையில் கட்டினார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை எண்ணூர்வரை ஊர்வலம் போவோம். அதற்குச் செயலாளர் எழுதிய விதி ஒன்றுண்டு. எந்த வண்டியின் பெயிண்ட் பழையதோ அது முன்னால் போகும், புதுப் பெயிண்ட் அடித்தது கடைசியில் வரும். பணக்காரர் வண்டியா, பெரிய வண்டியா என்ற பேச்சே கிடையாது. ஆகவே எப்போதும் முன்னால் போனது அவருடைய பச்சை வண்டிதான். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று பூசியிருந்த பச்சை, கடற்காற்றில் வெளிறி, அங்கங்கே துரு எட்டிப் பார்க்கும். இடது கதவின் கைப்பிடிக்குக் கீழே மட்டும் உள்ளங்கையளவுக்கு அடர்பச்சை. மீன்பாடி வண்டி ஒன்று உரசிய இடத்தில், அவர் மனைவி கடையில் கிடைத்த டப்பாவை வாங்கி வந்து தானே பூசிவிட்டது. அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருந்தது. "அண்ணே, கதவுல கீரை மசியல் அப்பிக்கீது, இது எந்த ரூல்ல வருது?" என்று உறுப்பினர்கள் சீண்டுவார்கள். "அது பெயிண்ட் இல்லப்பா, என் வூட்டுக்காரம்மா கை" என்று சிரித்துக்கொண்டே அந்த இடத்தைத் துணியால் துடைப்பார்.

பிறகு நகரின் தெற்குப் பக்கத்திலிருந்து புது உறுப்பினர்கள் வந்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். சங்கம் இளைஞர்கள் கண்ணில் பட வேண்டும் என்றார்கள், ஊர்வலத்தை ஏற்று நடத்த ஒரு கம்பெனியையும் பிடித்து வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் படங்களைப் பார்த்துவிட்டு, முதல் வண்டி பளபளப்பாக இருக்க வேண்டும், துருப்பிடித்தது முன்னால் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றார்கள். பச்சை வண்டி இப்படியே இருந்தால் வேறு வண்டியை முன்னால் விடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. செயலாளரிடம் அதைச் சொல்லும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது.

நான் சொல்லவில்லை. அப்போது அவர் கண்புரை அறுவைக்குப் போயிருந்தார். என்ஜினை உயிரோடு வைத்திருக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. அதே பச்சையைக் கணினியில் பொருத்தி எடுத்துப் புதிதாக அடித்துவிட்டால் கம்பெனிக்குப் பளபளப்பு, அண்ணனுக்கு முன்னிடம். பழமையும் புதுமையும் கைகோர்க்கும் என்று முகநூல் பக்கத்தில் எழுதக்கூட வாக்கியம் தயாராக இருந்தது. அந்த மண்டைக்கனத்தை இன்று நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

திருவொற்றியூரில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். தகரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் தரையெல்லாம் பச்சைத் தூள். கதவடியில் உதிர்ந்து கிடந்த துண்டு ஒன்றை, நிறம் ஒப்பிட உதவும் என்று எடுத்து வைத்தேன்.

அறுவை முடிந்து அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "பளபளன்னு கீது தங்கச்சி" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பிறகு இடது கதவருகே குனிந்து கைப்பிடிக்குக் கீழே விரல்களை வைத்துத் தேடினார். "இங்க ஒரு எடம் இருந்துச்சே, இன்னாச்சு?"

"பட்டறைக்காரரு தேச்சுட்டாரு அண்ணே" என்றேன்.

பொய். படத்தில் திட்டாகத் தெரியும், இந்த இடத்தை முக்கியமாகச் சரிபண்ணுங்கள் என்று பட்டறைக்காரருக்கு விரலால் தொட்டுக் காட்டியவளே நான்தான்.

ஊர்வலத்தன்று அவர் வண்டியை நேராகக் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். கமிட்டியே போய்க் கெஞ்சியது. "புதுப் பெயிண்ட் கடைசில. நான் எழுதுன ரூலு. எனக்கு மட்டும் வேற ரூலா?" என்றவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வழியில் கன்டெய்னர் லாரிகள் நடுவில் புகுந்துவிட்டன. அவர் எண்ணூர் வந்து சேர்ந்தபோது படமெல்லாம் எடுத்து முடித்துப் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த ஞாயிறு அவர் குடோனுக்கு வரவில்லை. அதன்பின் எந்த ஞாயிறும் வரவில்லை.

டப்பாவோடு இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனேன். துண்டில் இருந்த பிரஷ் கோடுகளை அதற்குள் கவனித்திருந்தேன். அது தொழிற்சாலைப் பெயிண்ட் இல்லை, அந்த அம்மா பூசியது. கொடுத்தால் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போனபோது வாசலில் சாமியானா போட்டுச் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சங்கம் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் கூடுகிறது. விதிகள் எதுவும் இல்லை, படங்கள் மட்டும் நன்றாக வருகின்றன. பச்சை வண்டியை மகன் விற்றுவிட்டார். போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அதைப் பார்த்தேன். மாலை போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் சாய்ந்து படமெடுக்க நிறுத்தியிருந்தார்கள். ஆளில்லாத நேரமாகப் பார்த்து டப்பாவைத் திறந்து, அந்தத் துண்டை இடது கதவின் கைப்பிடிக்குக் கீழே, அதே இடத்தில் வைத்துப் பிடித்தேன்.

"யக்கா, வண்டி மேல கை வெக்காதீங்க" என்று படம் எடுப்பவர் ஓடி வந்தார். "பெயிண்ட் போயிடும்."

கையை எடுத்துக்கொண்டேன்.