மூன்றாவது அடங்கல்

போன மாதம் ஆலங்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் ஒலிபெருக்கிகள் ஆறு. எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். காது வலி தாங்காமல் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினால், அங்கே யாருடைய கைப்பேசியோ ஒலித்தது. அழைப்பு மணியாக ஒரு பழைய அமெரிக்க பேண்டு மெட்டு. கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேரனிடம் அந்த மெட்டை முனகிக் காட்டினேன். அவன் தேடி எடுத்து அதன் சரித்திரத்தை வாசித்தான். ஒருவர் போட்ட துண்டை இன்னொருவர் நீட்டி, மூன்றாமவர் வெட்டிச் சுருக்கி, நடனக் கூடங்களில் பேர் வாங்கிய மெட்டாம். சரிதான். அது புதுக்கோட்டைக்கு வந்து என்ன செய்தது என்று ஒரு வரிகூட இல்லை. அதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

பினாங்கில் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது ஒரு கிராமபோன் பெட்டி கொண்டுவந்தார். அதோடு வந்த இசைத்தட்டுகளில் ஒன்றில் அந்த மெட்டு இருந்தது. என் தாய்மாமா பட்டாளத்தில் ட்ரம்பெட் கற்றவர்; புதுக்கோட்டையில் கல்யாண பேண்டு செட்டு நடத்திவந்தார். ராவுத்தர் கடையில் உட்கார்ந்து அதையே போடச் சொல்லிக் கேட்பார்.

"தட்டு தேஞ்சு போச்சு தம்பி. இனிமே நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்" என்று கடைசியில் ராவுத்தர் கும்பிட்டுவிட்டாராம். அதற்குள் மாமா தன் ஆட்கள் ஒன்பது பேருக்கும் அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த மெட்டின் முடிவில் ஒரு குறும்பு உண்டு. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். முடிந்தது என்று நினைக்கும்போது டிரம் மெல்ல ஒரு தட்டு தட்டும். மறுபடி அதே துண்டு, முன்னைவிட மெதுவாக. இப்படி மூன்று முறை அடங்கிய பிறகு ஒன்பது பேரும் ஒரே மூச்சில் உச்சத்துக்கு எழுப்புவார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும்.

எங்கள் வீட்டில் அதை அதிகம் முனகியது என் அத்தை, அப்பாவின் தங்கை. கடலை உரிக்கும்போது முனகுவாள். நான் அடங்கல்களை விரல் விட்டு எண்ணுவேன். மூன்றாவது முடிந்ததும் கையிலுள்ள பருப்பையெல்லாம் தகரத் தட்டில் சடாரென்று கொட்டுவாள். அதுதான் எங்கள் உச்சம்.

அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததுபோல, அத்தையை மாமாவுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு நடந்ததாம். "ஊதுறவனுக்கா?" என்று தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம். பிறகு ஆவுடையார்கோவில் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு பேண்டு மட்டும் மாமாவுடையது.

முகூர்த்த நேரத்தில் வந்தது வம்பு. மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் கொடுக்க வேண்டிய முதல் சந்தனத்தை யாரோ தெரியாமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் பந்தலை விட்டு இறங்கி, தோளில் கிடந்த துண்டை உதறி, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"எனக்குச் சந்தனம் வேணாம். அங்கிட்டே பூசிக்கங்க. நான் வாரேன், எம் பின்னால மாப்பிள்ளையும் வருவான்" என்றார்.

அவர் வராமல் தாலி ஏறக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஒருபக்கம், தாத்தா ஒருபக்கம் கெஞ்சினார்கள். நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை அந்நாளில் மறுபடி யாரும் கேட்டு வரமாட்டார்கள். மணையில் அத்தையின் தலை குனிந்துகொண்டே போனது. மாப்பிள்ளை பாவம், தாலியைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார்.

அப்பா பந்தல் வாசலுக்கு ஓடிவந்தார். "மச்சான், சும்மா இருந்தா எல்லாரும் சண்டையத்தான் கேப்பாங்க. எதையாச்சும் ஊதுங்க."

மாமா அந்த மெட்டை எடுத்தார். நான் வழக்கம்போல விரலை மடக்கினேன். முதல் அடங்கல். இரண்டாவது. பந்தலில் பேச்சும் அதோடு சேர்ந்து தணிந்தது. மூன்றாவது விரலை நான் மடக்குவதற்குள் மாமாவின் ட்ரம்பெட் அலறியது. ஒரு நொடி தயங்கிய மற்றவர்களும் கூடவே எழுப்பினார்கள். மேடையோரம் காத்திருந்த தவில்காரர், தாலி ஏறுகிறதாக்கும் என்று பதறிப்போய் கெட்டிமேளத்தைக் கொட்டிவிட்டார். கெட்டிமேளம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை; அட்சதையை வீசிவிடுவார்கள். மாப்பிள்ளை கட்டிவிட்டார். மூன்று முடிச்சு, அதையும் எண்ணினேன். வேப்பமரத்தடிக்காரர் வாய் திறந்தபடி நின்றார். காற்றில் போன அட்சதை நாலைந்து அவர் மீசையிலும் விழுந்தது.

கட்டிய தாலியை அவிழ்க்கவா முடியும்? சந்தனக் கிண்ணத்தையே அவர் கையில் கொடுத்துப் பந்திக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு எதிரே மாமாவும் அவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, மூணு வரணும்ல? ரெண்டுலயே ஏன் விட்டுட்டீங்க?"

பரிமாறிக்கொண்டிருந்த அப்பாவின் கரண்டி நின்றது. "பய என்ன சொல்றான்?" என்று சந்தனக்காரர் நிமிர்ந்தார்.

"எலையில லட்டு ரெண்டுதான் இருக்குதாம். மூணு வேணுமாம்" என்றார் மாமா, என்னைப் பார்க்காமலே.

"இவ்வளவுதானே? எங்க வீட்டுக் கல்யாணத்துல பிள்ளைக்கு லட்டு இல்லையா? ஏய், இங்கிட்டு வா" என்று அவரே எழுந்து வந்து எனக்கு ஒன்று வைத்தார். அன்று அவர் முகம் மலர்ந்தது அப்போதுதான். நான் கேட்டது அதுவல்ல என்று சொல்ல வாய் திறந்தேன். லட்டு உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் அத்தையை ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது. எல்லாரும் வாசலில் நின்று அழுதார்கள். மாமா பேண்டு ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டு, வீட்டின் பின்பக்கம் கடலை மூட்டைகள் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். ட்ரம்பெட்டை எடுத்து, பகலில் விட்டுப்போன அந்த மூன்றாவது அடங்கலை வாசித்தார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. நான் மூன்றாவது விரலை மடக்கி உச்சத்துக்குக் காத்திருந்தேன். அவர் எழுப்பவில்லை. ஊதுவாயைத் துண்டால் துடைத்து, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடினார்.

விட்டுப்போனதைச் சேர்த்து வாசித்துவிட்டார், கணக்கு நேராகிவிட்டது என்று நான் சந்தோஷமாக வீட்டுக்குள் ஓடினேன்.