கூரைத் தண்ணீர்

மருத்துவச்சி ஒசானுக்கு மூக்கின் மேல் கோபம். பிரான்சில், பிக்கார்டியின் அந்த ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள் என்பதால் யாரும் எதிர்த்து வாய் திறப்பதில்லை. பிழைக்காது என்று தெரிந்த சிசுவுக்குப் பாதிரியார் வரும்வரை காத்திராமல் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவள் வேலைதான். நாற்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் சும்மா போகவிட்டதில்லை.

அந்த ஜனவரியில் எமெலினின் மகன் நீலம் பாரித்துப் பிறந்தான். குடத்துத் தண்ணீர் கல்லாய் உறைந்திருந்தது. அது உருகும்வரை அந்த மூச்சு நிற்குமா? அடுப்போரம் இருந்த பீரை அள்ளித் தலையில் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரைச் சொன்னாள். பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

பீர் செல்லாது என்றார் பாதிரியார் கோந்தியே. தண்ணீர்தான் வேண்டுமாம். ஞானஸ்நானமே நடக்கவில்லை, ஆகவே கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வேலிக்கு வெளியே புதைத்துக்கொள்ளச் சொன்னார். எமெலின் அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்தப் பச்சை மண்ணுக்கு ஏன் இவ்வளவு பெரிய கெடுதல் என்று கோயில் வாசலில் நின்று கேட்டாள் ஒசான். பாதிரியார் பாரிஸில் படித்தவர், பொறுமையாக விளக்கினார்.

"தீமைன்னு தனியா ஒரு பொருள் கிடையாதும்மா. இருக்க வேண்டிய நன்மை இல்லாமப் போறதுதான் தீமை. குருடுன்னா என்ன? பார்வை இல்ல, அவ்வளவுதான். இவனுக்கு யாரும் எதுவும் செய்யல. அருள் இல்ல."

தண்ணீரைச் சூனியக்காரிகள் திருடுவார்கள் என்று ஞானஸ்நானத் தொட்டிக்கே பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது? ஒசானுக்குத் தன் மேலும் கோபம்தான். ஒரு வாய் பனியை மென்று உருக்கித் துப்பியிருந்தாலே போதுமே!

மறுநாள் வெயில் அடித்து, கூரைப் பனி இளகத் தொடங்கியது. கோயில் கூரையில் வழிகிற தண்ணீர் தெய்வத்தின் வீட்டைத் தொட்டுவிட்டு வருகிறது, அதுவும் ஞானஸ்நானம்தான் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது உண்டு. ஒசான் பட்டப்பகலில், சுவரை ஒட்டி, கூரை விளிம்புக்கு நேர் கீழே குழி தோண்டிப் பிள்ளையைச் சுற்றிய துணி மூட்டையை வைத்தாள். பாதிரியார் ஓடி வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது.

"அதை வெளிய எடு."

"உள்ள ஒண்ணுமில்லையே சாமி. அருள் இல்ல, அவ்வளவுதானே? இல்லாததுக்கு எதுக்கு வேலி?"

அவர் குனிந்து குழிக்குள் கையை நீட்டினார். ஒசான் தடுக்கவில்லை.

"எடுங்க. ஆனா எடுத்தா, அந்தக் கெடுதல் வெறும் இல்லாமை இல்ல. உங்க கை செஞ்சது."

நீட்டிய கை அப்படியே நின்றது. கூரையிலிருந்து முதல் சொட்டு அந்தக் கையைத் தாண்டித் துணியில் விழுந்ததை ஊரே பார்த்தது.