முப்பத்தோராம் நாள் ஆறு உறைந்திருந்தது

மகள் பல்கலைக்கழகத்தில் மண்ணையும் கடலையும் படிக்கிறாள். புவி, கடல் அறிவியல் என்று அதற்குப் பெயர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் கொன்டெயினர் இறக்குகிறேன். அவள் படிப்பில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஆறு மண்ணைக் கொண்டுபோகிறது. எங்கோ ஓரிடத்தில் விடுகிறது. எங்கே விடுகிறது, எவ்வளவு காலத்தில் என்று அவர்கள் பார்க்கிறார்கள்.

படிப்புக்கு அவள் எடுத்துவரும் சேறு வீட்டிலும் இருக்கும். ஒருமுறை ஃப்ரீசரில் கணவாய்ப் பையை எடுக்கிறேன் என்று அவளுடைய சேற்றுப் பையை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன்.

"அப்பா! அது கறிக்கு இல்லை!"

"கணவாய் எண்டு நினைச்சன்."

"மூண்டு கிழமை வேலை அது. நல்லகாலம், நீங்கள் பையை வெட்டேல்லை."

"வெட்டியிருந்தா மிளகாய்த்தூள் போட்டிருப்பன்."

விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் வீட்டில் சிரிப்பு குறைவு. அதனால் நினைவிருக்கிறது.

என் மனைவி இறந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மனைவி ஒன்று கேட்டாள்.

"என்னைக் கடலிலை விடுங்கோ. பெட்டியிலை அடைச்சு வைக்காதேங்கோ."

சரி என்றேன். வேறெதையும் அவள் என்னிடம் கேட்டதாக நினைவில்லை.

மார்கழியில் இறந்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றுதான் சாம்பலைத் தண்ணீரில் விடவேண்டும். அது தை மாதத்தில் வந்தது. ஐயர் கிரியைகளை முடித்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் விடச் சொன்னார். நாங்கள் வந்து குடியேறிய லாசாலில், வீட்டிலிருந்து ஆறு நடக்கிற தூரம். ஆறு கடலுக்குத்தானே போகிறது, அவள் கேட்டதும் நடந்துவிடும் என்று நினைத்தேன்.

நானும் என் அண்ணையும் புறப்பட்டோம். மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"நானும் வாறன். ஐஞ்சு நிமிசம் நிண்டு பாத்திட்டு வந்திடுவன்."

"பொம்பிளைப் பிள்ளையள் இதுக்கு வாறேல்லை. நீ வீட்டிலை நில்லு" என்றார் அண்ணை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

கரைக்குப் போனால், எங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஐம்பது அடிக்கு மேல் பனிக்கட்டி. அதற்கு அப்பால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு அடி வைத்தேன். காலடியில் படாரென்று வெடித்தது. அண்ணை என் கொலரைப் பிடித்து இழுத்தார்.

"உனக்கும் சேத்து நான் அந்தியேட்டி செய்யவோ? ஏறடா மேலை."

"தண்ணி அங்கை ஓடுது, அண்ணை."

"எனக்கும் கண் இருக்கு."

"ஐஸ் கரைஞ்சாப் பிறகு வந்து விடுவம்."

"நாளைத் தள்ளேலாது. அவளை அலையவிடப் போறியோ? இதிலையே விடு. பங்குனியிலை கரையும், தானாப் போகும்."

விட்டேன். பால் ஊற்றினேன், பூவும் போட்டேன். பால் ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே உறைந்தது. காற்று எங்கள் முகத்துக்கு அடித்தது. சாம்பலில் கொஞ்சம் திரும்பி வந்து என் சப்பாத்தில் படிந்தது.

வீட்டு வாசலில் கால்மிதியில் சப்பாத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க எல்லாரும் செய்வது. தட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

மகள் அப்போதும் கதவடியில்தான் நின்றாள்.

"அம்மா போயிட்டாவோ?"

"ஓம். கடலுக்குப் போயிட்டா."

ஏழு வருடம் அந்தப் பேச்சு வரவில்லை. பங்குனியில் நான் கரைக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. வேலையிடத்தில் கப்பல் வரும்போது மட்டும், இது வந்த வழியால்தான் அவள் போயிருப்பாள் என்று நினைப்பேன். அதை நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்.

"அம்மாவை ஆத்திலை எந்த இடத்திலை விட்டனீங்கள்?"

"ஏன்?"

"ஒரு வேலை தந்திருக்கினம். ஆத்திலை ஒரு இடத்திலை விட்ட பொருள் எங்கை போய்ச் சேரும் எண்டு கணக்குப் பாக்கவேணும். எல்லாரும் பிளாஸ்டிக், எண்ணெய் எண்டு செய்யினம். நான் இதைச் செய்யப்போறன்."

கரையைச் சொன்னேன்.

"தண்ணி நல்லா ஓடுற இடமோ?"

"ஓம்" என்றேன்.

இரண்டு மாதம் அதோடு இருந்தாள். முடிந்ததும் ஒரு படத்தைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். லாசாலில் தொடங்கிக் கியூபெக் நகரத்தைத் தாண்டிக் கடல்வரைக்கும் ஒரு நீலக்கோடு.

"பாருங்கோ அப்பா. இப்பிடித்தான் அம்மா போயிருப்பா. பேராசிரியர் நல்லா இருக்கு எண்டவர். கோடையிலை ஆராய்ச்சிக் கப்பலிலை என்னையும் கூட்டிக்கொண்டு போகினம்."

பத்து நாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். பதினோராம் நாள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன்.

"அண்டைக்கு ஆறு உறைஞ்சு கிடந்தது, பிள்ளை. தண்ணிக்குப் போகேலாமல் போச்சு. ஐஸுக்கு மேலை விட்டிட்டு வந்தம்."

அவள் கையைக் கழுவிவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள்.

"இடத்தைக் காட்டுங்கோ."

சித்திரை மாதம். பனிக்கட்டி போய்விட்டது. கரையில் சேறும் போன வருடத்துக் கோரைப்புல்லும் கிடந்தன. அவள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐஸ் உடையேக்கை கரையிலை இருக்கிறதையும் தூக்கிக்கொண்டு போகும்" என்றாள். "சிலவேளை கனதூரம் போகும். சிலவேளை இதிலையே கரைஞ்சு, இந்தச் சேத்துக்கையே விட்டிடும்."

"அம்மாவுக்கு எது நடந்தது?"

"தெரியாது."

"உன்ரை படிப்பிலை பாக்கேலாதோ?"

"ஏலாது அப்பா."

திரும்பும்போது முன்னால் நடந்தாள். தெருவுக்கு ஏறும் இடத்தில் நின்றாள்.

"ஐஞ்சு நிமிசம்தானே கேட்டனான் அண்டைக்கு. நான் வந்திருந்தா எனக்காவது தெரிஞ்சிருக்கும்."

"ஓம் பிள்ளை" என்றேன்.

படத்தைக் கழற்றினாள். பேராசிரியரிடம் போய், தொடங்கிய இடமே பிழை என்று சொல்லி, திரும்பச் செய்தாள். இரண்டாம் படத்தைச் சுவரில் ஒட்டவில்லை. அதில் கோடு எங்கே முடிகிறது என்று நானும் கேட்கவில்லை.

கோடையில் கப்பலில் போனாள். ஒரு நாள் மத்தியானம், களஞ்சியத்தில் நான் சாப்பிடும்போது போன் வந்தது.

"அப்பா, இஞ்சை தண்ணி உப்பு."

"குடிச்சுப் பாத்தனியோ?"

"அளக்கிறதுக்குக் கருவி இருக்கு." பிறகு, "குடிச்சும் பாத்தனான்" என்றாள்.

"எவ்வளவு ஆழம்?"

"முந்நூறு மீட்டருக்கு மேலை. அடியிலையிருந்து சேறு எடுக்கிறம்."

"அடியிலை குளிரோ?"

"சரியான குளிர். ஆனா உறையாது. அடி ஒருநாளும் உறையாது."

அதை ஏன் எனக்குச் சொன்னாள் என்று தெரிந்தது. சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

வாசலில் இன்னும் அதே கால்மிதிதான், நைந்துபோய்விட்டது. எறியுங்கோ, புதிது வாங்குவம் என்று அவள் சொல்லிக் கனநாள். பிறகு பாப்பம் என்கிறேன். அன்று ஆற்றங்கரையில் நடந்ததைச் சொன்னேன். சப்பாத்தை இதில் தட்டியதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.