அவசரமில்லாத பஸ்

புதன்கிழமை காலையில் சரோஜா அக்கா போன் செய்தார். "ஏம்பா முனிரத்தினம், இன்னா போட்டுத் தொலைச்ச? பொம்பளைங்கல்லாம் டிப்போ மேனேஜருக்கு மாலை போட ஷேர் ஆட்டோல போய்க்கினு இருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை எபிசோடில்தான் அந்த மேனேஜரைக் கிழி கிழி என்று கிழித்திருந்தோம்.

சித்தூர் பக்கத்துத் தமிழர்களுக்காக வாரம் ஒருமுறை அரசியல் பேசும் பாட்காஸ்ட் எங்களுடையது. பெரிய சேனல்கள் தொடாததைத் தொடுவோம். நகரியில் பவர்லூம் ஓட்டிய சரோஜா அக்கா பேசுவார். திருப்பதியில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்து, அது படுத்த பிறகு கம்ப்யூட்டரில் எடிட்டிங் கற்றுக்கொண்ட நான் ஒலியைப் பார்த்துக்கொள்வேன். கேட்பவர்களில் பாதிப் பேர் சென்னை, பெங்களூர், குவைத் என்று பிழைக்கப் போனவர்கள்.

அந்த வாரம், எல்லையோர ஊர் ஒன்றுக்கு நிறுத்திவிட்ட காலை பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். திருப்பதிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் மெயின் ரோடு வரை நடந்து, தினமும் தாமதமாகி, வேலையே போய்விடும் நிலையில் இருந்தார்கள். மேனேஜர் அக்காவிடம் தெலுங்கில், "ஆ ஊரிக்கி பஸ் அவசரம் லேது" என்றார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அதாவது, பஸ்ஸே தேவையில்லை என்று கைகழுவிவிட்டார்.

நான் வழக்கம்போல அவர் குரலை அடியில் இறக்கிவிட்டு, மேலே என் குரலில் வாய்ஸ் ஓவர் ஏற்றினேன்: "அந்த ஊருக்கு பஸ் அவசரமில்லை." இரண்டு பாஷையும் வீட்டிலேயே புழங்குகிறவன் நான். அந்த வார்த்தை எனக்கு உறுத்தவே இல்லை.

குவைத்தில் டிரைவராக இருந்த ஒருவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, "பஸ் உண்டாம், கொஞ்சம் லேட்டாகுமாம்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

நாங்கள் டிப்போவுக்கு ஓடினோம். அதற்குள் மாலை கழுத்தில் ஏறிவிட்டது. மேனேஜர் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பெண்களுக்கு முன்னால் நின்ற குப்பம்மா சொன்னார்: "அவசரமே இல்ல சார். நீங்க சொன்னாப்பல நிதானமா உடுங்க. திங்கக்கிழமை வந்தா போதும்."

நாலைந்து செல்போன்கள் வீடியோ எடுத்தன. அக்கா என் காதில், "வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றார். மேனேஜர் மாலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரேம்மா" என்று தலையாட்டினார். திங்கட்கிழமை பஸ் வந்தது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊரார் புளுகை வாராவாரம் பிரித்து மேய்கிற நாங்கள் எங்கள் பிழையை மூடி மறைக்கலாமா? வெட்கமாக இருந்தது. அக்கா யோசித்துவிட்டு, "போடு. ஆனா பஸ்ஸு ஒரு வாரம் ஓடட்டும்" என்றார். மேனேஜர் சொன்னது 'பஸ் தேவையில்லை' என்றுதான் என்று ஒரு வாரம் கழித்துத் திருத்தம் போட்டோம்.

மறுநாளே மேனேஜர் போன் செய்தார். பஸ் போச்சு என்று நினைத்தேன்.

"ஏமய்யா, நான் அவசரம் இல்லன்னுதான சொன்னேன்? தமிழ்லயே சொன்னேன். ஊரே வந்து மாலை போட்டுச்சு, உனக்கு மட்டும் புரியலயா? மொதல்ல அந்தத் திருத்தத்த எடு."

நான் எடுக்கவில்லை. அன்று முதல், யார் பேசினாலும் அவர் சொந்தக் குரலில் ஒரு வாக்கியத்தை முழுதாக ஓடவிட்ட பிறகே என் குரலை ஏற்றுகிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் நாங்கள் சரியாகச் சொன்ன எதற்கும் ஒரு அதிகாரியும் அசைந்து கொடுத்ததில்லை. தப்பாகச் சொன்ன ஒன்றுக்குத்தான் பஸ் ஓடுகிறது. திருத்தத்தைக் கேட்ட குப்பம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "அண்ணா, ரேஷன் கடையப் பத்தி எப்போ தப்பா சொல்லப் போற?"